மரான் கோழி ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும்? அதன் முட்டையின் கரும்பழுப்பு நிறம் ஆண்டு முழுவதும் நிலைக்குமா?

மரான் என்பது பிரான்சின் மேற்குக் கரையில், லா ரொஷேல் நகருக்கு அருகிலுள்ள சிறிய ஊர். (எழுத்தில் இறுதியில் 'ஸ்' இருந்தாலும் உச்சரிப்பில் அது வருவதில்லை.) அந்த வட்டாரத்து நாட்டுக் கோழிகளோடு சீனத்து லாங்ஷான் கோழிகள் கலந்து உருவான இனத்துக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. அவ்வூருக்குத் தொலைவில்லாத இடத்தில் வீட்டுக்குப் பின்னால் நான்கு பெட்டைகளை வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல வம்சத்துப் பெட்டை ஆண்டுக்கு 150 முதல் 180 முட்டை வரை இடும்; ஆனால் நிறம் ஆண்டு முழுவதும் ஒரே ஆழத்தில் இருக்காது. வணிகப் பண்ணைகளின் கலப்பினக் கோழி 300 முட்டைக்கு மேல் இடுவதை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாங்குபவர்கள் ஏமாந்து போவார்கள்.

எண்ணிக்கையும் நிறமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பவை. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் போல ஓடு உருவாகும் சுரப்பியிலேயே கழிகிறது. பழுப்பு நிறத்தைத் தரும் புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமியின் பெரும்பகுதி, கடைசிச் சில மணி நேரத்தில்தான் ஓட்டின் மேற்புறத்தில் படிகிறது. எனவே எவ்வளவு கருத்த முட்டையானாலும் உடைத்துப் பார்த்தால் ஓட்டின் உட்புறம் வெளிறியே இருக்கும். இட்ட ஈரம் காயுமுன் எடுத்தால் கட்டைவிரல் பட்ட இடத்தில் நிறம் கலைந்து தடம் விழுவதும் இதனால்தான். ஆசை மிகுதியால் நானே இரண்டு மூன்று முட்டைகளை அப்படிக் கெடுத்திருக்கிறேன். நாள் தவறாமல் இடும் கோழியின் முட்டைகள் வாரங்கள் செல்லச் செல்ல வெளுக்கின்றன; விட்டு விட்டு இடும் கோழியின் நிறம் நெடுநாள் தாங்குகிறது.

முதல் ஆண்டு, முட்டைகளின் மீது தேதி எழுதச் சாதாரணப் பென்சிலை எடுத்தேன். அந்த ஓட்டின் மேல் எழுத்தே தெரியவில்லை. பிள்ளைகளின் வண்ணப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பென்சிலை எடுத்துக்கொண்டேன். பிப்ரவரியில் தொடங்கிய அந்த முட்டையிடும் சுற்றில், ஜூலை பிறந்தபோது வெள்ளை எழுத்து மங்கி, பழைய பென்சிலுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. நான்கில் ஒருத்தி மட்டும் ஆகஸ்ட் வரை வெள்ளைப் பென்சிலுக்கு வேலை வைத்தாள்; மற்றவை ஒவ்வொன்றும் இட்டதில் முக்கால் பங்குதான் அவள் இட்டிருந்தாள்.

பிரான்சின் மரான் சங்கம் முட்டை நிறத்தை 1 முதல் 9 வரை அளவிடுகிறது. 4-க்குக் கீழே இருந்தால் அதை மரான் முட்டையாக ஏற்பதில்லை. விற்பவர் காட்டும் 7, 8 அளவு முட்டை பெரும்பாலும் சுற்றின் முதல் சில வாரங்களைச் சேர்ந்தது. அதே கோழி கோடையில் இட்ட முட்டையையும் காட்டச் சொல்லுங்கள். நிறம் பல மரபணுக்களால் தீர்மானிக்கப்படுவதாலும் அவற்றில் பாதி தந்தை வழி வருவதாலும், சேவல் எத்தகைய முட்டையிலிருந்து பொரிந்தது என்று கேட்பதும் அதே அளவு முக்கியம். வாரச் சந்தையில் மரான் என்ற பெயரில் விற்கும் கோழிகளில் பல, அதிகம் இடுவதற்காகக் கலக்கப்பட்டவை. வெறும் உணவுக்கு முட்டை வேண்டுமென்றால் அவற்றை வாங்குவதில் தவறொன்றும் இல்லை, சுவையில் வேறுபாடு கிடையாது.

தீவனத்தால் நிறத்தைக் கூட்ட முடியாது. நோயும் கூட்டத்தில் ஏற்படும் மிரட்சியும் நிறத்தைக் குறைக்கும். இலையுதிர் காலத்தில் இறகு உதிர்க்கும்போது முட்டை நின்றுவிடும். டிசம்பரில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. கூண்டில் விளக்கு எரித்துப் பகலை 14 மணி நேரமாக நீட்டினால் எண்ணிக்கை கூடும். நான் எரிப்பதில்லை, ஏனெனில் அந்த ஓய்வுக்குப் பின்னர்தான் நிறம் திரும்புகிறது. இரண்டாம் ஆண்டின் முதல் முட்டைக்கு மீண்டும் வெள்ளைப் பென்சில் தேவைப்பட்டது, ஆனால் அந்த எழுத்து முதல் ஆண்டைப் போல அத்தனை பளிச்சென்று தெரியவில்லை.