பட்டனைத் தட்டினால் லேசர் சத்தம் வருமா?

கேள்வி: அட்டைப்பெட்டியில் ஒரு விண்கலக் கட்டுப்பாட்டுப் பலகை செய்திருக்கிறேன். நான்கு பட்டன்: இன்ஜின், சைரன், லேசர், வெடி. ஆர்டுயினோவில் (புரோகிராம் எழுதி இயக்கும் குட்டி மின்னணு போர்டு) டோன் கட்டளை போட்டு பஸ்ஸரை இணைத்தால் எல்லாமே ‘பீப்’ என்றுதான் கேட்கிறது. நிஜச் சத்தம் வர என்ன செய்வது?

பதில்: டோன் கட்டளைக்கு அவ்வளவுதான் முடியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சதுர அலை, அதாவது மின்சாரம் மாறி மாறி ஆன்-ஆஃப் ஆகிற ‘பீப்’, அதில் லேசரைக்கூட ஒப்பேற்றிவிடலாம், இன்ஜினை எப்படிக் கொண்டுவருவது? டிஎஃப்பிளேயர் மினி என்ற குட்டி போர்டு வாங்குங்கள். 32 ஜிபி வரை மெமரி கார்டு ஏற்கும், எம்பி3 வாசிக்கும், 3 வாட் ஆம்ப்ளிஃபையரும் உள்ளேயே இருக்கிறது. ஆர்டுயினோவோடு சீரியலில், அதாவது ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் முறையில், நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசும். டிஎஃப்பிளேயரின் ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) பின்னுக்குப் போகும் ஒயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள், 5 வோல்ட் ஆர்டுயினோ என்றால் இது இல்லாமல் ஸ்பீக்கரில் இரைச்சல் வரலாம். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் அதற்கென்று உள்ள இரண்டு பின்களுக்கே போக வேண்டும், ஒன்றைக் கிரவுண்டில் கொடுத்துவிடாதீர்கள்.

‘லேசரை அழுத்தினால் சைரன் அடிக்கிறது’ என்று பலரும் புலம்புவார்கள். வெறும் எண்ணைச் சொல்லி வாசிக்கச் சொன்னால் இந்த போர்டு ஃபைலின் பெயரைப் பார்க்காது, கார்டில் எது முதலில் காப்பி ஆனதோ அதுதான் அதற்கு ஒன்றாம் எண். அதனால் எம்பி3 என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் 0001, 0002 என்று பெயர் வைத்து, அந்த ஃபோல்டரிலிருந்து வாசிக்கும் கட்டளையையே பயன்படுத்துங்கள். ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தையும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அழுத்தி அரை நொடி கழித்து லேசர் சுடும், விளையாடுகிறவருக்கு சுவாரஸ்யமே போய்விடும்.

பட்டனின் ஒரு முனை கிரவுண்டுக்கு, மறுமுனை ஆர்டுயினோ பின்னுக்கு. ஆர்டுயினோவுக்கு உள்ளேயே இருக்கும் புல்-அப்பை (அழுத்தாதபோது பின்னை மேல் வோல்டேஜில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) இயக்கினால் தனி ரெசிஸ்டர் வேண்டாம். அழுத்தும்போது பட்டனின் தகடுகள் சில மில்லிசெகண்ட் துள்ளும், அதை ஆர்டுயினோ பல அழுத்தங்களாக எண்ணிக்கொண்டு சத்தத்தைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். முதல் அழுத்தத்தை ஏற்றபின் 30 மில்லிசெகண்ட் எதையும் கண்டுகொள்ளாதே என்று புரோகிராமில் சொல்லிவிட்டால் போதும்.

அப்புறம், இந்த போர்டு இரண்டு சத்தங்களைக் கலந்து தராது. இன்ஜின் ஓடும்போதே லேசர் வேண்டுமா? லேசர் ஃபைலை அட்வர்ட் (ADVERT) என்ற ஃபோல்டரில் வைத்து, அதற்கான விளம்பரக் கட்டளையால் வாசிக்கச் சொல்லுங்கள்: இன்ஜினை நிறுத்தி, லேசரை அடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து இன்ஜினைத் தொடரும். விளம்பரத்துக்காக வைத்த வசதி, நமக்குப் போருக்கு உதவுகிறது! இரண்டும் சேர்ந்தே ஒலிக்க வேண்டுமென்றால் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் முன்கூட்டியே கலந்து ஒரே ஃபைலாக்கிவிடுவதுதான் சுலபம்.

கேள்வி: சத்தம் கூட்டினால் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது. 9 வோல்ட் சதுர பேட்டரிதான் போட்டிருக்கிறேன். ஸ்பீக்கரும் கரகரவென்கிறது.

பதில்: அந்த பேட்டரிதான் காரணமாக இருக்கும். ஸ்பீக்கர் திடீரென்று இழுக்கும் கரண்டை அதனால் தர முடியாது, வோல்டேஜ் சரிகிறது. யுஎஸ்பி பவர் பேங்கிலிருந்து 5 வோல்ட் கொடுங்கள், டிஎஃப்பிளேயர் போர்டின் பவர் பின்களுக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் வையுங்கள். ஸ்பீக்கரை வெறுமனே தொங்க விடாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் பொருத்துங்கள், முன்னும் பின்னும் வரும் அலைகள் ஒன்றையொன்று அழிக்காமல் இருப்பதால் வால்யூமைக் கூட்டாமலே சத்தம் கனமாகக் கேட்கும்.