நூற்றுக்கு நூறு வாங்கிய தளம் அண்ணனிடம் பேசவில்லையே?

கேள்வி: என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. கணினியில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் துணையோடுதான் எல்லாவற்றையும் படிக்கிறார். எங்கள் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளிலும் இணையதளம் தொடங்கியிருக்கிறது. மலையாளப் பக்கம் தெளிவாகக் கேட்கிறது. தமிழ்ப் பக்கத்துக்கு வந்தால் குரல் குழறுகிறது அல்லது நின்றுவிடுகிறது. சங்கத்தில் கேட்டால், லைட்ஹவுஸ் என்ற கருவியின் சோதனையில் அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த முடிவதற்கு, நூறு மதிப்பெண் வாங்கிய தளம் இது என்கிறார்கள். யாரை நம்புவது?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: அண்ணனின் காதை நம்புங்கள் அம்மா. சங்கத்தார் சொல்லும் மதிப்பெண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எதை அளந்து போட்ட மதிப்பெண் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் போன்ற கருவிகள் ஒரு பக்கத்தின் நிரல்வரிகளை அணுகல்தன்மை விதிகளோடு ஒப்பிடுகின்றன. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்கிறதா, படிவத்தின் கட்டத்துக்குப் பெயர் இருக்கிறதா என்பவற்றை நொடியில் சொல்லிவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எந்த மொழி என்ற குறியீடும் இருக்க வேண்டும். மலையாளத்துக்கு ‘எம்எல்’ (ml), தமிழுக்கு ‘டிஏ’ (ta). திரைவாசிப்பான் அதைப் பார்த்தே குரலைத் தேர்ந்துகொள்கிறது. மலையாளப் பக்கத்தைப் படியெடுத்துத் தமிழை நிரப்பியவர்கள் அந்த இரண்டு எழுத்தை மாற்ற மறந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கருவியோ, குறியீடு இருக்கிறதா, அது முறையான குறியீடா என்று மட்டும் பார்த்துத் தேர்ச்சி கொடுத்துவிடும்; பக்கத்தில் இருப்பது உண்மையில் எந்த மொழி என்று படித்துப் பார்ப்பதில்லை. ஒரே கடைப் பலகையில் இரண்டு மொழியையும் படித்துப் பழகிய எல்லைப்புற மக்களுக்கு இது சிறு பிழையாகத் தோன்றும். உங்கள் அண்ணனுக்கோ பக்கம் முழுவதும் மூடிக்கிடக்கிறது. உலாவியில் பக்கத்தின் மூலத்தை, அதாவது அதன் நிரல்வரிகளை, திறந்தால், முதல் சில வரிகளுக்குள் அந்தக் குறியீட்டை நீங்களே பார்க்கலாம். தமிழ்ப் பக்கத்தின் நடுவே மலையாளச் சொற்றொடர் வந்தால், அந்தப் பகுதிக்கும் தனிக் குறியீடு வேண்டும்.

படங்களிலும் இதே குறைதான். வட்டி விகித அறிவிப்பை ஸ்கேன் செய்து போட்டு, படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையாக ‘அறிவிப்பு’ என்று மட்டும் எழுதினாலும் கருவி ஏற்றுக்கொள்ளும். வட்டி எவ்வளவு என்பது அண்ணனுக்குத் தெரியாது.

கையால் சோதிக்க வேண்டியவற்றை லைட்ஹவுஸே தன் அறிக்கையில் தனியாகப் பட்டியலிடுகிறது. அந்தப் பகுதியைத் திறந்து பார்க்கச் சங்கத்தாரிடம் சொல்லுங்கள். பக்கத்தை மாற்றும்போதெல்லாம் கருவியை ஓட்டுவது நல்ல வழக்கம், அதை அவர்கள் விட வேண்டாம். அதோடு, அண்ணனை அரைமணி நேரம் அலுவலகக் கணினியின் முன் உட்காரவைத்து, மவுஸைத் தொடாமல், டேப் விசையாலும் திரைவாசிப்பானாலும் ஒரு கடன் விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பச் செய்து, நிரலாளர் அருகிலிருந்து பார்க்கட்டும். சங்கத்தார் தயங்கினால், டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைக் குறிப்பிட்டு, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் குரல் நின்றது என்பதையும் சேர்த்து எழுத்து மூலமாகக் கொடுங்கள்.