ஆய்வறிக்கை கைக்கு வந்த பிறகு: வீடு வாங்குவோருக்குக் கட்டடப் பொறியாளரின் பதில்கள்

கேள்வி: சென்னையில் 15 ஆண்டுப் பழைய அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். ஆய்வறிக்கையில் 37 குறைகள் உள்ளன. விட்டுவிடலாமா?

பதில்: எண்ணிக்கையைக் கண்டு மிரள வேண்டாம். கழன்ற தாழ்ப்பாளும் துருவேறிய கம்பியும் அறிக்கையில் ஆளுக்கொரு வரிதான். நீர்க்கசிவு, கான்கிரீட், மின் இணைப்பு ஆகியவற்றைத் தொடுபவற்றை மட்டும் முதலில் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் செலவு மதிப்பீடு வாங்குங்கள். கூரைப்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது என்றிருந்தால், துருவால் பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று பொருள். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் பத்திரம் வரை போகாதீர்கள்.

கேள்வி: குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் இருக்கிறது. பெயின்ட் அடித்துத் தருவதாக உரிமையாளர் சொல்கிறார்.

பதில்: ஏற்காதீர்கள். பெயின்ட் வாசம் போகுமுன்பே சுவரில் உப்புப் பூத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். கீழ்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அவர்கள் கூரையிலுள்ள ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பிறகு குளியலறையின் வடிகாலைத் துணியால் இறுக அடைத்து, தரையில் ஓரங்குலம் நீர் கட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஈரம் கோட்டைத் தாண்டினால் தளத்தின் நீர்த்தடுப்பு போய்விட்டது. டைல்ஸைப் பெயர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். தாண்டாவிட்டால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பழுதுபார்த்துத் தரச் சொல்வதா, விலையைக் குறைக்கச் சொல்வதா?

பதில்: விலைக்குறைப்பே நல்லது என்பது என் கருத்து, விற்றுவிட்டுப் போகிறவர் மலிவான கொத்தனாரைத்தான் தேடுவார். மொட்டைமாடிக் கசிவு மட்டும் விதிவிலக்கு: அது பொதுச்சொத்து என்பதால், குடியிருப்போர் சங்கத்தின் தீர்மான நகலைக் கேளுங்கள். எது முடிவானாலும் கிரயப் பத்திரத்துக்கு முன்பே விற்பனை ஒப்பந்தத்தில் எழுத்தில் ஏற வேண்டும். முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற ஷரத்தையும் அப்போதே படித்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது பில்டரிடம் வாங்கிய புது வீடு. சாவி வாங்கியபின் ஆய்வு செய்தோம். பல டைல்ஸ் தட்டினால் வெற்றொலி கேட்கிறது. காலம் கடந்துவிட்டதா?

பதில்: இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3)இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமான, வேலைத்தரக் குறைகளை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது பில்டரின் கடமை; தவறினால் இழப்பீடு கோரலாம். அந்த 30 நாளைக் கணக்கிட வாய்ப்பேச்சு உதவாது. வெற்றொலி தரும் டைல்ஸ் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண்ணிட்டுப் படமெடுத்து, அறிக்கை நகலோடு மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலிலும் அனுப்புங்கள்.

கேள்வி: பூச்சில் மயிரிழை விரிசல்கள் உள்ளன, ஐயா.

பதில்: தூணிலும் உத்தரத்திலும் இல்லையென்றால் அடுத்த பெயின்டிங்கின்போது பார்த்துக்கொள்ளலாம்.