வண்டுகொல்லி இலையும் கண்ணாடித் தட்டின் வளையமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் நுண்ணுயிரியலில் முதுநிலைப் படிப்பு படிக்கிறாள். வண்டுகொல்லி இலையை எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றைப் படர்தாமரைப் பூஞ்சை வளரும் தட்டில் விட்டபோது, கட்டைவிரல் அகலத்துக்குப் பூஞ்சையே இல்லாத வளையம் கிடைத்ததாகச் சொன்னாள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் என் கணவருக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை இருக்கிறது. கடையில் வாங்கிய களிம்பைப் போட்டால் அடங்கி, விட்டால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது. அந்த இலையை அரைத்துப் பூசலாமா?
— வாசகி, குலசேகரம்

பதில்: படர்தாமரைக்கு வண்டுக்கடி என்றும் ஒரு பெயர் உண்டு, கடிப்பது வண்டு அல்ல, தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சை. அதற்குப் பூசப்பட்டு வந்த சீமையகத்திக்கு வண்டுகொல்லி என்ற பெயர் வழங்குவதிலிருந்தே இந்த வைத்தியம் எவ்வளவு பழையது என்பது விளங்கும். அதன் இலையில் கிரைசோஃபானிக் அமிலம் முதலான ஆந்த்ரோகுயினோன் பொருள்கள் இருக்கின்றன என்பதும், அவற்றுக்குப் பூஞ்சையை அடக்கும் இயல்பு உண்டு என்பதும் உறுதியானவையே. எனவே உங்கள் மகள் கண்ட வளையத்தில் வியப்பில்லை. ஆனால் அப்பொருள்கள் நீரில் எளிதில் கரையாமல் எத்தனாலில் கரைபவை ஆதலால், சோதனைக்கூடத்தில் எடுத்த சாறும் நீங்கள் அம்மியில் நீர் தெளித்து அரைக்கப்போகும் விழுதும் ஒன்றல்ல.

வளையத்தின் அகலத்தை வைத்து மருந்தின் வலிமையை அளப்பது இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி நேரும் பிழை. பூஞ்சை வளர்க்கத் தட்டில் ஊற்றும் அகார் என்னும் கூழில் வெட்டிய குழியிலிருந்து சாறு எவ்வளவு தூரம் ஊறிப் பரவுகிறதோ அவ்வளவு தூரம்தான் வளையம் விரியும். வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் போன்ற எண்ணெய்கள் நீர் நிறைந்த அகாரில் நகரவே தயங்குவதால், உள்ளபடி வலியதாக இருந்தாலும் சிறு வளையமே காட்டக்கூடும். அதைவிட முக்கியமாக, எத்தனாலே பூஞ்சைக்கு ஆகாத பொருள். சாறு கலக்காத வெறும் எத்தனாலை இன்னொரு குழியில் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தாளா, பக்கத்தில் டெர்பினாஃபின் அல்லது கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்து விட்ட குழியும் இருந்ததா என்று மகளிடம் கேளுங்கள். இவை இரண்டும் இல்லாத வளையத்தை நான் ஆய்வு முடிவாகக் கொள்ளமாட்டேன்.

அடுத்ததாக அவள் செய்யவேண்டியது, சாற்றை 1000, 500, 250 மைக்ரோகிராம் எனப் பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போய், ஒரு மில்லிலிட்டரில் எந்த அளவு வரை பூஞ்சை வளராமல் நிற்கிறது என்று காண்பது. டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படும் பூஞ்சையை அடக்க அம்மருந்து 1 மைக்ரோகிராமுக்கும் வெகு குறைவாகவே போதும். பச்சிலைச் சாறு பல பொருள்களின் கலவை ஆதலால் அதற்குப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் தேவைப்படும். அந்த அளவில் அது தோலின் உயிரணுக்களையும் எரிக்கிறதா என்பது தனியே சோதிக்கவேண்டிய இன்னொரு கேள்வி. அடங்கிய பூஞ்சை செத்ததா, உறங்குகிறதா என்பதை, அதை எடுத்துச் சாறில்லாத புதுத் தட்டில் இட்டுப் பார்த்தால்தான் அறியலாம்.

எந்தப் பூஞ்சையின்மேல் சோதித்தாள் என்பதும் கேட்கத்தக்கது. கல்லூரிகள் பெரும்பாலும் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பகம் போன்ற இடங்களிலிருந்து வாங்கிய வகைகளையே பயன்படுத்துகின்றன. இந்தியாவில் இன்று பரவலாகத் தொல்லை தருவதோ, 2020-ல் ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே எனப் பெயரிடப்பட்ட வகை. அதில் பல டெர்பினாஃபினுக்கே மசிவதில்லை. பழைய வகையை அடக்கிய சாறு உங்கள் கணவரின் இடுப்பில் இருப்பதையும் அடக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆகவே இலையை இப்போது பூசவேண்டாம். வெடித்துச் சொறிந்த தொடையிடுக்கில் பச்சிலை விழுது புண்ணாக்கிவிடும். அந்தக் களிம்பின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை உடனே தணித்துவிட்டு, பூஞ்சை பரவுவதற்கு வழி திறந்துவிடும். நீங்கள் சொல்லும் 'அடங்கி வளர்வது' அப்படியே அதன் போக்கு. தோல் மருத்துவர் ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதிலில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், நனைந்த உள்ளாடையோடு வெட்டு முடியும்வரை நிற்பவருக்கு மாற்றுத் துணி கொண்டுபோவதும் சிகிச்சையின் பாதிதான்.

கேள்வி: மருந்துவாழ்மலையில் பறித்த மூலிகைக்கு வலிமை அதிகம் என்பார்கள். ஆய்வுக்கு அங்கிருந்து எடுத்தால் நல்லதா?
— வாசகர், பொட்டையடி

பதில்: அனுமன் கொண்டுசென்ற சஞ்சீவி மலையின் துண்டு என்ற கதையை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது, ஆனால் ஒரே செடியின் பொருள்கள் மண்ணாலும் பருவத்தாலும் மாறுபடும் என்பது உண்மை. அதனால்தான் பறித்த இடம், மாதம், பயன்பட்ட பாகம் ஆகியவற்றைக் குறித்து, செடியின் உலர்ந்த மாதிரி ஒன்றை உலர்தாவரத் தொகுப்பில் ஒப்படைக்கவேண்டும். தகரையையும் சீமையகத்தியையும் குழப்பிக்கொண்டால் பிற்பாடு எவராலும் அதைச் சரிபார்க்க இயலாது. படர்தாமரைக்குப் பூசும் இன்னொரு மூலிகையான நாகமல்லியைச் சோதிப்பவர்கள் வேரா, இலையா என்று எழுதத் தவறக்கூடாது. பேச்சிப்பாறைப் பக்கத்துப் பழங்குடியினரான காணிக்காரர்களிடம் கேட்டறிந்த செடி என்றால், அதையும் எழுதுங்கள். அறிவு தந்தவர்க்குப் பயனில் பங்கு என்பது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று.

கேள்வி: தேமலுக்கும் இதே சோதனை பொருந்துமா?
— மாணவர், தக்கலை

பதில்: அப்படியே பொருந்தாது. தேமலை உண்டாக்கும் மலாசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பில்லாமல் வளராது; பூஞ்சை வளர்க்க வழக்கமாகப் பயன்படும் சபூரோ ஊடகத்தின்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றினால்தான் தலைகாட்டும். எண்ணெய் விடாத தட்டில் ஒன்றும் வளரவில்லை என்பதற்காக, சாறு வென்றுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.