எல்லையோர பார்க்கில் வரும் ரோலர் கோஸ்டர் எந்த வகை என்று வேலிக்கு வெளியே நின்றே கணிக்க முடியுமா?

கேள்வியில் மூன்று தடயம் கொடுத்திருக்கிறீர்கள். கேரள-தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து கேளிக்கைப் பார்க் ஒன்றில் தகர வேலி அடித்து வேலை நடக்கிறது. பைலிங் மெஷின், அதாவது ஆழத்தில் கான்கிரீட் தூண் இறக்கி அஸ்திவாரம் போடும் இயந்திரம், இறங்கியிருக்கிறது. வாளையாறு வழியாக ராட்சச இரும்புக் குழாய் போனதாக வாட்ஸப்பில் படம் சுற்றுகிறது. குரூப்பில் இதை வைத்து "இந்தியாவிலேயே உயரமானது" என்று முடிவே கட்டிவிட்டார்களாம். கணிக்க முடியும். ஆனால் இந்த மூன்றில் பின்னிரண்டும் செல்லாக்காசு.

முதலில் பைலிங். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி, அதாவது கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரம், கரிசல் மண். கேரளத்தில் பருத்தி விளையும் கரிசல் என்றால் இந்தத் துண்டு நிலம்தான். மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். இந்த மண்ணில் சாதாரண ஷெட்டுக்குக்கூட அடியில் குடை போல அகலும் பைல் போடுவது வழக்கம். ஆகவே பைலிங் மெஷின் மண்ணைப் பற்றித்தான் சொல்கிறது, ரைடின் உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இதே மெஷின் மலம்புழா பக்கத்துச் செம்மண்ணில் நின்றிருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்து அந்த லாரிப் படம். பாலக்காட்டுக் கணவாயில் காற்றாலைச் சாமான் போகாத மாதம் உண்டா? கஞ்சிக்கோடு, பொள்ளாச்சி, உடுமலை எங்கும் காற்றாடிதான். காற்றாலைக் கோபுரத் துண்டின் விட்டம் மூன்று, நான்கு மீட்டர் இருக்கும், உள்ளே ஆள் நடக்கலாம். நடுத்தர கோஸ்டரின் தூண் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இரு முனையிலும் துளை போட்ட வட்டத் தகடு இரண்டுக்குமே உண்டு, அதனால்தான் ஏமாறுகிறார்கள். டிராக் துண்டை அப்படிக் குழப்பிக்கொள்ள முடியாது. நடுவில் ஒரு முதுகெலும்பு, அதிலிருந்து விலா எலும்பு போலக் குறுக்குக் கம்பிகள், இரு பக்கமும் வழவழப்பான குழாய்த் தண்டவாளம், துண்டுக்குத் துண்டு வேறு வேறு வளைவு, முனையில் பெயின்டில் எழுதிய எண். இப்படி ஒரு லோடு கொச்சியின் வல்லார்பாடம் துறைமுகத்தில் இறங்கி, குதிரான் சுரங்கம் தாண்டி வந்தால், அந்தப் படத்துக்காகக் குரூப்பில் சண்டை போடலாம்.

டிராக்கின் குறுக்குவெட்டு தெரிந்தால் கம்பெனியே தெரிந்த மாதிரி. முதுகெலும்பு சதுரப் பெட்டியாக இருந்தால் முதல் சந்தேகம் சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார். மகாராஷ்டிரத்தின் இமேஜிகா பார்க்கில் உள்ள நைட்ரோ அவர்களுடையது: காலுக்கடியில் தரையில்லா வகை, ஐந்து முறை தலைகீழ். 2025 டிசம்பரில் திறந்த சென்னை வொண்டர்லாவின் தஞ்சோராவும் அவர்கள்தான், கால் தொங்கும் இன்வெர்ட்டெட் வகை. ஒற்றை உருட்டுக் குழாய் முதுகெலும்பு என்றால் நெதர்லாந்தின் வெகோமாவாக இருக்கலாம், வேறு சிலரும் அப்படிச் செய்கிறார்கள். மூன்று குழாயை முக்கோணமாகக் கோத்திருந்தால் இன்டமின் பக்கம் போங்கள்.

டிராக் வருவதற்கு முன்பே தரை பேச ஆரம்பித்துவிடும். என் கணக்கில் இதுதான் உருப்படியான தடயம். ஒவ்வொரு தூணுக்கும் கான்கிரீட் மேடையில் ஃபவுண்டேஷன் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும், மரை கெடாமல் இருக்க கிரீஸ் தடவி டேப் சுற்றியிருப்பார்கள். அந்த மேடைகளின் வரிசையை மொட்டைமாடியிலிருந்தோ சாலை மேட்டிலிருந்தோ ஒரு தாளில் புள்ளி வைத்து வரையுங்கள். நேர்கோட்டில் போகப் போக மேடை பெரிதானால் அது சங்கிலி போட்டு ஏற்றும் மேடு. ஒரே அளவு மேடைகள் நெருக்க நெருக்கமாக நீண்ட நேர்கோட்டில் இருந்து, பக்கத்தில் புதிய டிரான்ஸ்ஃபார்மர் யார்டும் வந்தால், காந்த மோட்டாரால் உதைத்துத் தள்ளும் லாஞ்ச் வகையாக இருக்கலாம். புள்ளிகள் ஒரு வட்டமாக மூடாமல் இரு முனையிலும் கனத்த மேடைகளோடு முடிந்தால், கண்ணை மூடிக்கொண்டு பூமராங் என்று எழுதுங்கள்.

பூமராங் வெகோமாவின் ரெடிமேட் மாடல், 1984 முதல் விற்கிறது. வொண்டர்லாவின் ரீகாயில் இந்த வகைதான். டிராக் 285 மீட்டர்தான், கோபுரம் 35.5 மீட்டர். வண்டியைப் பின்னோக்கி இழுத்து ஏற்றி விடுவார்கள். மூன்று முறை தலைகீழாகி அடுத்த கோபுரத்தில் ஏறும், அங்கே சங்கிலி பிடித்து இன்னும் உயர்த்தி விட, அதே வழியில் முதுகு காட்டித் திரும்பும். மொத்தம் ஆறு தலைகீழ். இடம் குறைவு, கழற்றி வேறு ஊரில் பூட்டலாம், அதனால் செகண்ட் ஹேண்ட் சந்தையிலும் கிடைக்கும். இறங்கிய டிராக்கில் இரண்டு நிறப் பெயின்ட் உரிந்து தெரிந்தால் அது வேறெங்கோ ஓடிய வண்டி. அதனால் தரம் குறைவு என்று அர்த்தமில்லை.

உயரத்தை அளக்க டிரோன் எல்லாம் வேண்டாம். தளத்தில் ஆபீசாக வைத்திருக்கும் சாதாரண கண்டெய்னரின் உயரம் சுமார் 2.6 மீட்டர். தூரத்திலிருந்து ஜூம் செய்து, தூணும் கண்டெய்னரும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கும்படி படம் எடுத்து, தூணுக்குள் எத்தனை கண்டெய்னர் அடங்கும் என்று எண்ணினால் போதும். கிட்டே போய் எடுத்தால் கணக்கு தப்பும். உயரத்திலிருந்து வேகம் வர ஒரு சுருக்குவழி: மீட்டரில் உள்ள இறக்கத்தின் வர்க்கமூலத்தை 16 ஆல் பெருக்குங்கள், மணிக்குக் கிலோமீட்டர் வரும். 25 மீட்டர் என்றால் 80. இது உராய்வே இல்லாத உச்சவரம்பு. பூமராங்குக்கு இந்தக் கணக்கு 95 காட்டும், ஆனால் ஓடுவது 76 அளவில்தான். காரணம், ஏழு பெட்டி நீள வண்டி சரிவில் தொங்கும்போது அதன் எடைமையம் கோபுர நுனிக்கு வெகு கீழே இருக்கிறது, டிராக்கின் அடிப்புள்ளியும் தரையைத் தொடுவதில்லை. "40 மீட்டர், 140 வேகம்" என்று எவராவது போஸ்டர் போட்டால், லாஞ்ச் இல்லாத வண்டியாக இருந்தால் அது பொய்.

காகிதத் தடயமும் உண்டு. பார்க்கை நடத்துவது பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் காலாண்டு முதலீட்டாளர் அழைப்பின் எழுத்துப்படியைப் படியுங்கள், புது ரைடின் செலவு அங்கேதான் முதலில் கசியும். பெயரை டிரேட்மார்க் தேடலில் வகுப்பு 41 இல் பாருங்கள். சுங்க வரிப் பட்டியலில் கேளிக்கை ரைடுகள் 9508 என்ற தலைப்பில் வரும். வொண்டர்லா, இமேஜிகா இரண்டும் பட்டியலிட்டவை. பங்குச்சந்தையில் பட்டியலிடாத பார்க் என்றால் முதல் வழி அடைபட்டுவிடும்.

எப்போது திறக்கும் என்ற கேள்விக்கு போல்ட்டுதான் பதில். போல்ட்டுகளை இரும்பு டெம்ப்ளேட்டில் பூட்டித்தான் கான்கிரீட் ஊற்றுவார்கள். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே தூணின் அடித்தகடு உட்காராது. துளையை அகலப்படுத்தச் சம்மதிக்க மாட்டார்கள், மேடையை உடைத்து மறுபடி வார்க்க நேரலாம், கான்கிரீட் முழு வலு பெற 28 நாள். வார்த்த மேடையை உடைப்பதைப் பார்த்தால் திறப்புத் தேதியில் ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆடிக்காற்றையும் மறக்கக் கூடாது. கணவாயில் அந்தக் காற்று வீசும்போது கிரேனில் டிராக் துண்டைத் தூக்கி நிறுத்துவது நாள் முழுக்கக் காத்திருக்கும் வேலை. சோதனை ஓட்டத்தில் எதிர்காற்று அடித்தால், சக்கரம் சூடேறாத காலை நேரத்தில் வண்டி மேடு ஏறாமல் பள்ளத்தில் நின்றுவிடக்கூடும். மணல் மூட்டையோ தண்ணீர் பொம்மையோ உட்கார்த்தி அந்தச் சுமையோடு வெகுநாள் ஓட்டுவதைப் பார்த்து "ஏதோ கோளாறு" என்று கிளப்பிவிடாதீர்கள், அப்படித்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இடம் சிறியது என்றால், பந்தயம் கட்டச் சொன்னால், பாதிக்கு மேல் பூமராங். அடுத்தது டயரால் தள்ளி ஏற்றும் குடும்ப கோஸ்டர். தூண்களின் தலை ஒட்டடைக்குச்சி போல நேராக முடியாமல், தெருவிளக்குக் கம்பம் மாதிரி பக்கவாட்டில் வளைந்து நீண்டால் மட்டும் உடனே எழுதுங்கள். கால் தொங்கும் வகைக்குத்தான் அப்படி வளைப்பார்கள், அப்போது என் பந்தயத்தை மாற்றிக்கொள்கிறேன்.