டர்போவை முதலில் வாங்காதீர்கள்

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "2017-இல் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 வைத்திருக்கிறேன். 55,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் திருப்பூர் போய் வருவேன், எப்போதாவது கரி ஸ்பீட்வேயில் ஓட்டுவேன். கோல்ஃப் ஆர் காரின் ஐஎஸ்38 டர்போ ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. அதைப் போட்டு 350 பிஎஸ் பவர் எடுக்க ஆசை. கூட என்னென்ன மாற்ற வேண்டும்?"

டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. நல்ல விலைக்கு வருகிறது என்பதற்காகத் திட்டத்தை அதில் தொடங்காதீர்கள். உங்கள் வண்டியில் அது கடைசியாக வாங்க வேண்டிய சாமான். இப்போதிருக்கும் சிறிய டர்போவான ஐஎஸ்20-ஐக் கழற்றிய இடத்தில் ஐஎஸ்38 பெரிய வெட்டு ஒட்டு வேலை இல்லாமல் உட்காரும். அதனாலேயே "மாட்டினால் முடிந்தது" என்ற நினைப்பு பலருக்கும் வந்துவிடுகிறது.

முதல் சிக்கல் சூடு. நம் ஊர் வெயிலில் 38 டிகிரி காற்றை இழுத்து 1.4 பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) அழுத்தினால், டர்போவை விட்டு வெளிவரும் காற்று 160 டிகிரியை எட்டும். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் திறனை 70 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. இந்தச் சூட்டை இறக்குவது இன்டர்கூலரின் வேலை. கம்பெனி இன்டர்கூலர் ஒருமுறை அழுத்தி ஓட்டினால் தாங்கும். அடுத்தடுத்து அழுத்தும்போது அதுவே சூடேறிப் போகும். காற்று சூடானதும் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) தலைகாட்டும். எஞ்சினை ஆளும் கணினியான இசியூ, இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும், பவர் குறையும். அப்புறம் 350 பிஎஸ் டைனோ (பவர் அளக்கும் கருவி) தாளில் மட்டும்தான் இருக்கும்.

பெட்ரோலும் இதே கதைதான். ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு. 100 ஆக்டேனுக்கு டியூன் செய்த (இசியூ மென்பொருளை மாற்றி எழுதிய) வண்டிக்கு, போகிற வழியில் கிடைத்த சாதா பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் தட்டும். இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 எல்லா பங்கிலும் கிடைக்காது. எனவே, வாரம் முழுக்க உங்களால் நிச்சயமாக வாங்க முடிகிற பெட்ரோல் எதுவோ, அதற்கே டியூன் எழுதச் சொல்லுங்கள். 20 பிஎஸ் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். கோல்ஃப் ஆர் எஞ்சினும் உங்களுடையதும் அண்ணன் தம்பிதான், இரட்டையர் அல்ல. உங்களுடையதில் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 9.6-க்கு 1, கோல்ஃப் ஆரில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அந்தக் காரில் ஒருவர் எடுத்த பவரை அப்படியே உங்களுக்கும் எதிர்பார்க்காதீர்கள்.

பெரும்பாலோர் மறப்பது கியர்பாக்ஸை. உங்களிடம் இருப்பது ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்), எண்ணெயில் முங்கிய கிளட்ச். கம்பெனி அதற்கு வைத்த எல்லை 350 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). வண்டியின் ஒரிஜினல் டார்க்கும் அதே 350. வெறும் டியூன் ஏற்றினாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள், ஐஎஸ்38 இன்னும் தள்ளும். கிளட்ச் அழுத்தத்தைக் கூட்டும் கியர்பாக்ஸ் டியூன் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். டிஎஸ்ஜி ஆயில் மாற்றும் 60,000 கிலோமீட்டர் கணக்கும் நெருங்கிவிட்டது. அதை இப்போதே முடித்துவிடுங்கள்.

சரி, வரிசை என்ன? முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா, காற்று கசிகிறதா என்று பார்ப்பவை). அதில் தேறினால் புதிய ஸ்பார்க் பிளக், பெரிய இன்டர்கூலர், நல்ல டயர், பிரேக் பேட். பிறகு இருக்கிற டர்போவிலேயே ஸ்டேஜ் 1 டியூன் (மென்பொருள் மாற்றத்தின் முதல் படி), கூடவே கியர்பாக்ஸ் டியூன். நல்ல பெட்ரோலில் 280 பிஎஸ் பக்கம் வரும். முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற வண்டிக்கு அதுவே தாராளம். மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். ட்ராக்கில் ஓட்டும்போது இன்டேக் சூட்டையும், ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதையும் லாக் (பதிவு) எடுங்கள். அந்த லாக் சுத்தமாக இருந்தால்தான் அடுத்த படியைப் பற்றிப் பேச வேண்டும்.

என்னைக் கேட்டால் நீங்கள் அங்கேயே நிறுத்திவிடலாம். கரி 2.1 கிலோமீட்டர் ட்ராக். நீண்ட நேர்பாதை குறைவு. வளைவை விட்டு வெளியே வரும்போது சட்டென்று பூஸ்ட் ஏற வேண்டும். பெரிய டர்போ சுழன்று எழ இன்னும் கொஞ்சம் ஆர்பிஎம் கேட்கும். திருப்பூர் ரோட்டு நெரிசலில் அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

இதற்கு மேலும் ஐஎஸ்38 வேண்டும் என்றால் பழையது வேண்டாம். டர்போவின் நடு அச்சான ஷாஃப்டின் ஆட்டத்தைக் கையால் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப் தாக்குப்பிடிக்கிறதா என்பதையும் லாக்கில் பாருங்கள். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும்.

மாட்டும் அன்று மெக்கானிக்கின் பக்கத்திலேயே இருங்கள். ஆயில் லைன் வாஷர்கள் புதிதாக இருக்க வேண்டும். புது டர்போவுக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுழற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய ஐஎஸ்20-ஐ விற்றுவிடாமல் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அதைத்தான் தேடுவீர்கள்.