வென்டிலேட்டர் முதல் தடுப்பூசிக் குப்பி வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நிமோனியா முற்றி அப்பா ஐசியுவில் இருக்கிறார். வென்டிலேட்டர் வைத்தால் திரும்பி வரமாட்டார் என்று சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போடத் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து தாமதிக்காதீர்கள். வென்டிலேட்டர் கிருமியைக் கொல்லாது. மருந்து வேலை செய்து உடம்பு தேறும் வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். நிலைமை ரொம்ப மோசமானவர்களுக்கே அதை வைக்கிறோம். அதனால்தான் சாவுக்கான பழி கருவியின் மேல் விழுகிறது.

கருவியை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம். நீர் கோத்த நுரையீரலில் காற்று வாங்கும் இடம் குறைந்துபோயிருக்கும். அதற்குள் வழக்கமான அளவுக் காற்றை அடைத்தால் நல்ல பகுதியும் கிழியும். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. காற்று பெற்றவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. பெற்றவர்களில் 31 சதவீதம். இங்கே கிலோ என்பது தராசு காட்டும் எடை அல்ல, உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு அது 61 கிலோ சொச்சம். ஆக கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஒரு மூச்சுக்கு சுமார் 370 மி.லி. அவர் 90 கிலோ இருந்தாலும் அதே அளவுதான். உடம்பு பருத்தால் நுரையீரல் பெரிதாவதில்லை.

கேள்வி: அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வீங்கியிருந்ததைப் பார்த்துப் பதறிப்போனோம்.

பதில்: மல்லாந்து படுத்தால் இதயமும் நீர் கோத்த நுரையீரலின் கனமும் சேர்ந்து முதுகுப்பக்க நுரையீரலை அமுக்கும். குப்புறப் போட்டால் அந்தப் பகுதி விரியும். 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், கடுமையான நோயாளிகளை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் இப்படிப் படுக்க வைத்ததில், 28 நாளுக்குள் நேர்ந்த இறப்பு 33 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. புரட்டுவதற்கே நாலைந்து பேர் வேண்டும். தலையையும் மூச்சு ட்யூபையும் பிடிக்க மட்டுமே ஒருவர். முகவீக்கம் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும்.

கேள்வி: காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் கோவிட் நோயாளிகளில் ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களுக்கே அது உதவியது. மற்றவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

கேள்வி: நான் மருந்தாளுநர். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக் குப்பியைக் குலுக்காதே, மறுபடி உறைய வைக்காதே என்கிறார்களே, ஏன்?

பதில்: குப்பிக்குள் இருப்பவை 100 நானோமீட்டர் அளவிலான கொழுப்புத் துகள்கள். அயனியாகும் லிப்பிட் (லிப்பிட் என்றால் கொழுப்பு), பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) சேர்ந்த லிப்பிட் ஆகிய நான்கும் சேர்ந்து, எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் ஆர்என்ஏவைப் பொதிந்து வைத்திருக்கின்றன. உறையும்போது பனிக்கட்டி வளர வளரத் துகள்கள் ஒன்றோடொன்று நெருக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை (சுக்ரோஸ்) சேர்ப்பது அதைத் தடுக்கத்தான். துகள்கள் மிதக்கும் கரைசல் ஃபாஸ்பேட்டாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு: உறையும்போது அதன் அமிலத்தன்மை மாறிவிடக்கூடும். ஃபைசர் 2021இல் அதை விட்டு ட்ரிஸ் என்ற வேறு கரைசலுக்கு மாறியது. 2–8 டிகிரியில் ஒரு மாதம் தாங்கிய தடுப்பூசி, புதிய கரைசலில் பத்து வாரம் தாங்கியது.

குலுக்கினால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் துகள்கள் சிதைந்து திரளும். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். கெட்டுப்போன மருந்து பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆகவே கண்ணை நம்பாதீர்கள், வெப்பநிலைப் பதிவேட்டை நம்புங்கள்.

ஆர்என்ஏவை அரிப்பது தண்ணீர்தான். அந்தத் தண்ணீரையே எடுத்துவிடும் வழியும் உண்டு. புனேயின் ஜெனோவா நிறுவனம் உறைய வைத்து உலர்த்திய பொடியாகத் தயாரித்த கோவிட் தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அவசர அனுமதி கிடைத்தது. அதற்கு 2–8 டிகிரி போதும். சாதாரண மருந்து ஃப்ரிட்ஜை மட்டும் நம்பியிருக்கும் சுகாதார நிலையங்களுக்கு இது பெரிய விஷயம்.

கேள்வி: அதே துகள்களை நெபுலைசரில் போட்டு நேரே நுரையீரலுக்கு அனுப்ப முடியாதா?

பதில்: ஆராய்ச்சி நடக்கிறது. நெபுலைசர் திரவத்தைப் பொடிப்பொடியாக உடைக்கும் வேகத்தில் துகள்களும் உடைந்துபோவதுதான் முதல் தடை. அதைத் தாண்டினாலும் சளிப்படலம் வழிமறிக்கும். ஊசிக்கென்று வந்த மருந்தை யாரும் நெபுலைசரில் ஊற்றிப் பார்க்க வேண்டாம்.